திருடனால் தள்ள முடியாத வண்டி

பெற்ற அப்பாவைச் சேற்றில் தள்ளியவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் வேண்டுமென்று செய்பவன்கூட அதற்கு இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டான். நான் கடை கடையாக ஏறி இறங்கி, இரண்டு பூட்டு வாங்கி, ஓர் அலாரமும் மாட்டி, அதற்கப்புறம்தான் தள்ளினேன்.

எல்லாம் ஒரு திருட்டில் ஆரம்பித்தது. எங்கள் ஊர் எட்டயபுரத்துக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் இருக்கிறது. தார்ரோட்டை விட்டு இறங்கிப் புஞ்சைக்குப் போகிற பாதை முழுக்கக் கரிசல். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற அதே மண், ஐப்பசியில் ஒரு மழை விழுந்துவிட்டால் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பிக்கொண்டு வண்டியை ஓர் அங்குலம் நகரவிடாது. அதனால் மழைக்காலத்தில் எல்லோரும் வண்டியைப் பாலத்துப் பக்கம் ரோட்டோரம் நிறுத்தி, செருப்பைக் கழற்றி சீட்டின்மேல் வைத்துவிட்டு, வெறுங்காலோடு இறங்கி நடப்போம்.

சாவி வண்டியிலேயே இருக்கும். வெளியூர்க்காரர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். ஆனால் மடியிலிருந்து சாவி கரிசல் சேற்றில் விழுந்துவிட்டால் அடுத்த உழவு வரைக்கும் கிடைக்காது. தவிர, டிராக்டர் வந்தால் வண்டியை யாராவது தள்ளி வைக்க வேண்டாமா? ஊருக்கு முதல் பைக் வந்த நாளிலிருந்து இதுதான் எங்கள் வழக்கம். ஒரு வண்டிகூடப் போனதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் உளுந்துக்கு மருந்தடிக்கப் போனேன். இறங்கும்போது பாலத்தில் எட்டு வண்டி. ஏறி வரும்போது ஏழு. எட்டாவது வண்டி நின்ற இடத்தில் என் செருப்பு மட்டும் கிடந்தது. கிடந்தது என்று சொல்லக்கூடாது, ஓரமாக ஜோடி சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. (மரியாதை தெரிஞ்ச பய!)

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டையா பேனாவைத் திறந்தார்.

"சாவி எங்க இருந்துச்சு?"

"வண்டியிலதான் சார்."

"மறந்துட்டீங்களாக்கும்."

"இல்ல சார். வச்சிட்டுத்தான் போவோம்."

அவர் பேனாவை மூடினார். "அண்ணாச்சி, இத திருட்டுன்னு எப்படி எழுதச் சொல்லுதீங்க? எடுத்துக்கோன்னு குடுத்து விட்டிருக்கீங்க." அப்புறம் என்னைப் பார்க்கப் பாவமாக இருந்ததோ என்னவோ, எழுதிக்கொண்டார். அந்த வண்டி இன்றுவரை கிடைக்கவில்லை.

எனக்கென்றால் வண்டி போனது பெரிய விஷயமில்லை. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபிஸில் பண்டல் ஏற்றிவிடுகிற வேலை எனக்கு. பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போய்விடுவேன். அப்பாவால் அது முடியாது.

அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அதற்காக இடது முன்கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே விர்ரென்று ஓர் அதிர்வு ஓடும். காதை வைத்தால் சத்தமே கேட்கும். அது ஓடும் வரைக்கும்தான் அங்கே ஊசி போட முடியும். நின்றுவிட்டால் கழுத்தில் குழாய் போட வேண்டும். முதலில் அப்படித்தான் போட்டிருந்தார்கள். அதில் கிருமி ஏறி, அப்பாவை அநேகமாகப் பறிகொடுத்துவிட்டு மீட்டோம். இன்னொரு தடவை அந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதனால் அந்தக் கையில் பை மாட்டக்கூடாது, அதை அழுத்திப் படுக்கக்கூடாது, யாரும் அதைப் பிடித்து இழுக்கக்கூடாது. அம்மா காலையில் எழுந்ததும் செய்கிற முதல் காரியம் அந்தக் கையில் காதை வைத்துக் கேட்பதுதான்.

அப்படிப்பட்ட கையோடு அப்பா இரண்டு வாரம் டவுன்பஸ்ஸில் போனார். இரண்டாவது வாரம் ஒரு கண்டக்டர், பெரியவர் ஏற முடியாமல் நிற்கிறாரே என்று இரக்கப்பட்டு, சரியாக அந்தக் கையையே பிடித்துத் தூக்கிவிட்டார். அப்பா போட்ட சத்தத்தில் டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டார். அன்று சாயங்காலமே புது வண்டி வாங்குவதென்று முடிவு செய்தேன்.

கோவில்பட்டியில் எனக்கு மெக்கானிக் காதர் பாய். என் பழைய வண்டியைப் பதினோரு வருஷம் உயிரோடு வைத்திருந்தவர். கேட்டவுடனே சொன்னார்.

"அண்ணாச்சி, மைலேஜ், கலரு எதையும் பாக்காதீங்க. உக்காந்தா ரெண்டு காலும் தரையில முழுசாப் பதியணும். அத மட்டும் பாருங்க. ஒங்களுக்கும் அப்பாவுக்கும் மொபெட்டுதான் தோது. அவிய லேசா ஏறி உக்காந்துக்கிடுவாவ."

நான் சிரித்தேன். "மொபெட்ட ஒருத்தன் கக்கத்துல இடுக்கிட்டுப் போயிருவான் பாய்."

"அதுக்குச் சாவிய எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி. அது போதும்."

எவ்வளவு எளிமையான யோசனை! அதனால்தான் எனக்குப் பிடிக்கவில்லை. வண்டி போன பதினைந்து நாளில் பார்க்கிறவனெல்லாம் "சாவியோட குடுத்துட்டீயளாம்லா" என்று கேட்டுக் கேட்டு என் புத்தி ஒரு மாதிரி ஆகிவிட்டிருந்தது. எனக்குத் தேவை, அப்பாவைச் சுமக்கிற வண்டி இல்லை. திருடனைத் தோற்கடிக்கிற வண்டி. திருடன் என்ன செய்வான்? தள்ளிக்கொண்டு போவான். தள்ளவே முடியாத வண்டியை வாங்கிவிட்டால்?

ஷோரூமில் நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "இருக்கிறதுலயே வெயிட்டான வண்டி எது?" அந்தப் பையன் இதுவரை அப்படி ஒரு வாடிக்கையாளரைப் பார்த்ததில்லை. நூற்றுத் தொண்ணூறு கிலோ என்று ஒன்றைக் காட்டினான். நான் ஐந்தடி இரண்டு அங்குலம், ஐம்பத்து நான்கு கிலோ. ஏறி உட்கார்ந்தேன். ஒரு பக்கம் சாய்ந்தால் கால் பெருவிரல் தரையைத் தொட்டது. (தொட்டுட்டுல்லா, போதாதா?)

வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியதும் அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏலே, இதுக்கு ஏணி தனியாக் குடுப்பாவளா?"

ஏணி இல்லை, முக்காலி. அம்மா முக்காலியைப் போட, அப்பா அதன்மேல் ஏறி, வலது கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிப் போட வேண்டும். ஆஸ்பத்திரியில் படிக்கட்டை ஒட்டி நிறுத்தி இறக்குவேன். அதற்கு மேல் பின்சக்கரத்துக்கு ஒரு சங்கிலி, முன்சக்கரத்து டிஸ்க் பிரேக் தட்டில் மாட்ட ஒரு குட்டிப் பூட்டு, காக்கா உட்கார்ந்தாலும் ஊளையிடுகிற அலாரம் ஒன்று. அப்பா டயாலிசிஸ் முடிந்து கண் இருட்டிக்கொண்டு வருவார். நான் குனிந்து ஒவ்வொரு பூட்டாகத் திறந்துகொண்டிருப்பேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை. இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை. முந்தின நாள் நல்ல மழை. காலையில் புறப்பட்டோம். ஊர்ப்பாதை மெயின்ரோட்டில் சேருகிற விலக்கில் இருக்கிற டீக்கடை வந்ததும் அப்பா தோளைத் தட்டினார். அவருக்குத் தண்ணீரே அளந்துதான். ஆனால் டயாலிசிஸ் நாளில் அரை டீ என்பது அவர் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட சலுகை. "எப்படியும் இன்னும் ஒரு மணி நேரத்துல உறிஞ்சி எடுத்துருவாம்லா" என்பார். கடைக்கு முன்னால் போட்டிருந்த பெஞ்சையே ஏணியாக வைத்து இறக்கினேன். அரை டீ குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? வண்டி கைக்கெட்டுகிற தூரத்தில்தான் நின்றது. இருந்தாலும் நான் குனிந்து முன்சக்கரத்துப் பூட்டை மாட்டினேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, "ஒங்க வண்டிய எடுக்கணும்னா கிரேனு வரணும் அண்ணாச்சி" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டீ குடித்தோம். அப்பாவைப் பெஞ்சில் ஏற்றி, வண்டியில் உட்காரவைத்து, நானும் ஏறி, ஸ்டார்ட் செய்து, கியரைப் போட்டு, கிளட்சை விட்டேன். பூட்டு மாட்டியது மாட்டியபடியே இருந்தது.

இரண்டடி உருண்டிருக்கும். முன்சக்கரம் டக்கென்று நின்றது. காலை ஊன்றத் தெரிந்த, முக்கியமாக ஊன்றக் கால் இருக்கிற ஆள் என்றால் தாங்கியிருப்பான். எனக்கு ஒரு பக்கம்தான் எட்டும். எந்தப் பக்கம் என்று நான் முடிவு செய்வதற்குள் வண்டி முடிவு செய்துவிட்டது. ரோட்டோரத்துக் கரிசலில் கால் வழுக்க, நூற்றுத் தொண்ணூறு கிலோவும் இடது பக்கமாகச் சாய்ந்தது. அப்பா சேற்றில் விழுந்தார். விழும்போதே இடது கையை மட்டும் ஆகாயத்துக்கு நீட்டிவிட்டார். உடம்பெல்லாம் சேறு, அந்தக் கை மட்டும் ஓட்டுக் கேட்டு வருகிறவர் கைபோல மேலே நின்றது.

நான் துள்ளி எழுந்தேன். இந்த இடத்தில்தான் என் வாழ்க்கையை நிறுத்திவைத்து வேறு மாதிரி எழுத முடியுமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நான் எழுந்து, "ஐயோ என் வண்டி" என்று கத்திக்கொண்டு, இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தூக்கினேன். அது அசையவில்லை. மறுபடி தூக்கினேன். மூன்றாவது தடவை மூச்சைப் பிடிக்கும்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏலே... நானும் இங்கனதான் கெடக்கேன்."

அலாரம் வேறு ஊளையிட ஆரம்பித்துவிட்டது. அதை நிறுத்துகிற ரிமோட் சாவிக்கொத்திலிருந்து கழன்று சேற்றுக்குள் போயிருந்தது. நான் முழங்கால் போட்டு அப்பா கையில் காதை வைத்தேன். ஊளைதான் கேட்டது. விரலை வைத்தேன். விரல் கிடுகிடுவென்று நடுங்கியது, என் நடுக்கமா அவர் அதிர்வா தெரியவில்லை. டீக்கடைக்காரரும் பஸ்ஸுக்கு நின்ற மூன்று பேரும் சேற்றைக் கையால் அளைந்து ரிமோட்டைத் தேடினார்கள். "அத நிறுத்தித் தொலைங்களேன்" என்று நான் எல்லோரையும் பார்த்து அழுதேன். ஆமாம், நடு ரோட்டில், நாற்பத்து நான்கு வயதில், சத்தமாக.

அப்பா தன் வலது கை விரலை வேட்டியில் துடைத்துவிட்டுத் தைத்த இடத்தில் வைத்தார். "ஓடுதுலே. அழாத" என்றார்.

அவருக்கு உண்மையிலேயே தெரிந்ததா, எனக்காகச் சொன்னாரா என்று தெரியாது. அந்த வழியாக வந்த லோடு ஆட்டோவில் அவரை உட்காரவைத்துக்கொண்டு கோவில்பட்டி போய்ச் சேரும் வரைக்கும் நான் செத்துப் பிழைத்தேன். வார்டில் நர்ஸம்மா ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டு, தலையை ஆட்டிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உடனே அந்தம்மா திரும்பினார்.

"இந்தக் கோலத்துல இவரக் கூட்டிட்டு வந்தது யாரு?"

கட்டிலில் படுத்திருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார். "நம்ம மகன்தாம்மா. ரெண்டு பேரு கீழ விழுந்துட்டோம், நானும் வண்டியும். அவன் மூத்த பிள்ளையத்தான மொதல்ல தூக்கணும்? வண்டியத் தூக்குனான். நான் எளையவன், காத்துக் கெடந்தேன்." கையில் ஊசியோடு படுத்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவருக்குச் சிரித்த சிரிப்பில் மிஷின் கத்தியது. அந்த வார்டில் அதுவரை யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. என்னைத் திட்ட வந்த நர்ஸம்மாவும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். என்னைக் காப்பாற்றத்தான் அப்பா அதைச் சொன்னார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

அடுத்த வாரமே பெரிய வண்டியை விற்றேன். காதர் பாய் ஒரு வார்த்தை குத்திக் காட்டாமல் ஒரு பழைய மொபெட்டைத் தேய்த்துத் துடைத்துக் கொடுத்தார். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில். அப்பா முக்காலி இல்லாமல் தானே ஏறி உட்கார்ந்து, "இத முதல்லயே வாங்கியிருந்தா எனக்குச் சொல்ல ஒரு கத கெடச்சிருக்காதே" என்றார்.

அந்த மொபெட்டில் அவர் பதினான்கு மாதம் வந்தார். மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டுக் கூப்பிட உள்ளே போனேன். அம்மா அவர் கையில் காதை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் கூப்பிட்டும் காதை எடுக்கவில்லை.

பதினாறாம் நாள் விசேஷத்தில் சித்தப்பா அந்தக் கதையை அப்பா குரலிலேயே சொன்னார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். அது அப்படியே வீட்டில் நிலைத்துவிட்டது. யார் வழுக்கினாலும், எது உடைந்தாலும், "மொதல்ல வண்டியத் தூக்கு" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை.

போன மாதம் என் மனைவி தண்ணீர்க் குடத்தோடு முற்றத்தில் வழுக்கி விழுந்தாள். சத்தம் கேட்டு ஓடினேன். அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, வலியோடு வலியாக, "மொதல்ல கொடத்த எடுங்க" என்று கிண்டல் செய்தாள். சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். நான் அதற்குள் குடத்தை எடுத்து நிமிர்த்தி வைத்திருந்தேன்.

அப்பா இருந்திருந்தால் இதைச் சொல்லியே இன்னும் ஒரு வருஷம் ஓட்டியிருப்பார்.