நான் எந்தப் பையனையும் கடத்தவில்லை

என் மனைவியின் ஒரே தம்பியும், குழந்தைகளை உளவாளிகளாக்கி ஊரைக் கெடுத்து வரும் பெரிய இயக்குநருமான மைத்துனனுக்கு, அத்தான் எழுதிக்கொண்டது. உன் நலம் அறிய ஆவல் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். ஆவல் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். பத்திரிகையில் உன் படம் பார்த்தேன், கன்னம் உப்பியிருக்கிறது. இங்கே உன் அக்கா நலம், அவள் தொண்டையும் நலம். நான் மட்டும் நலமில்லை. இந்தக் கட்டிடத்தில் என்னைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குக் காரணம் நீ.

ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்பாய். ஃபோனில் சொன்னால், "ஷூட்டிங்ல இருக்கேன் அத்தான், அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுவாய். உன் 'அப்புறம்' எப்போது வரும் என்று உன் அக்காவுக்கும் தெரியாது, ஆண்டவனுக்கும் தெரியாது. கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து படி.

உன் படத்தின் முதல் பாகத்தை நானும் பார்த்தேன். நாலு பொடிசுகள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உலகத்தைக் காப்பாற்றுகிறார்கள். ரத்தம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, வில்லன்கூடக் கடைசியில் ஐஸ்கிரீம் தொட்டிக்குள்தான் விழுகிறான். குடும்பத்தோடு பார்க்கலாம் என்று விளம்பரம் செய்தாய். நல்லது, ஊரே பார்த்தது. ஆனால் படம் முடிவதற்குள் உன் ஹீரோப் பையனுக்கு அரும்பு மீசை முளைத்துக் குரல் உடைந்துபோனதும், அவன் வாயைத் திறந்தால் ஒரே வரியில் அப்பாவும் மகனும் மாறி மாறிப் பேசியதும், நீ பதறியடித்து ஓடி வந்து உன் அக்கா காலில் விழுந்ததும் ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், கதவைத் திறந்தவன் நான். அவளும் அவனுக்கு டப்பிங் பேசிக் கொடுத்தாள். முப்பது வருஷமாக யார் யார் வீட்டுப் பையன்களுக்கோ பேசியவள், தம்பிக்கு இல்லை என்பாளா? பதிலுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? "எங்கள் குட்டி ஹீரோவின் சொந்தக் குரலில்" என்று மூலைக்கு மூலை போஸ்டர் ஒட்டினீர்கள். இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று அவளிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டீர்கள். அவளும் போட்டுக் கொடுத்தாள். ஒரு மனுஷிக்கு இவ்வளவு நல்ல குணம் இருக்கக் கூடாது.

இப்போது இரண்டாம் பாகம். நீ காட்சிகளை அவள் ஃபோனுக்கு அனுப்ப, அவள் தினமும் மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும் கூடத்தில் நின்று ஒத்திகை பார்க்கிறாள். ஐம்பதைத் தாண்டியவள், மூக்குக் கண்ணாடியோடு நின்றுகொண்டு, பன்னிரண்டு வயசுப் பையன் குரலில், "என்னை விடு! கதவைத் திற! எங்க அப்பா உன்னைச் சும்மா விடமாட்டார்!" என்று அலறுகிறாள். எதிர்வசனம் படிக்க ஆள் வேண்டும் என்றாள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? நான்தான் படித்தேன். உன் வில்லனுக்கு நீ எழுதியிருக்கும் வசனம் இது: "கத்து! எவ்வளவு வேணுமோ கத்து! இந்தக் கட்டிடத்துல உன் குரல் ஒருத்தருக்கும் கேக்காது!" நன்றாக எழுதியிருக்கிறாய். எங்கள் கட்டிடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கொட்டாவி விட்டால் நான் வாயைப் பொத்திக்கொள்வேன். அப்படிப்பட்ட சுவர்.

மேல்மாடியில் ஒரு நர்ஸம்மா இருக்கிறார். அவர் மகளை எல்லோரும் கமாண்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். முன்பல் இரண்டும் விழுந்து இன்னும் முளைக்கவில்லை. அதற்குள் அவளுக்குக் கீழே ஒரு படை: மூக்கொழுகி என்று ஒரு தம்பி, பக்கத்து வீட்டு ரெட்டையர் இருவர். உன் படத்தை எத்தனை தரம் பார்த்தார்களோ, ஹீரோவின் குரலைத் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வார்கள். அந்தக் குரல் தங்களுக்குக் கீழ்வீட்டிலிருந்து "என்னை விடு" என்று கதறினால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? நீதான் படம் எடுத்தவன், நீயே சொல். ஹீரோவை நிஜமாகவே கடத்திவிட்டார்கள், கடத்தியவன் இரண்டாவது மாடி மீசைக்காரன் என்று முடிவு கட்டினார்கள்.

மைத்துனா, நான் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். ஏறி நின்று ஒரு பார்வை பார்த்தாலே டிக்கெட் எடுக்காதவன் யார் என்று சொல்லிவிடுவேன். திருட்டு முழி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அந்த முழியை இப்போது தினமும் சவரக் கண்ணாடியில் பார்க்கிறேன். வாசலில் கால் வைத்தால் மாவு தூவிக் கிடக்கிறது, என் கால்தடம் எடுக்கிறார்களாம். வழுக்கி விழுந்து எழுந்தால் மாடிப்படிக்கு அடியிலிருந்து, "நேரம் குறிச்சுக்கோ, வில்லன் விழுந்துட்டான்" என்று சத்தம் வருகிறது. கடைக்குப் போனால் பின்னாலேயே மூக்கொழுகி வருகிறான். அவன் ஒளிந்திருக்கும் இடம் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை, மூக்கை உறிஞ்சும் சத்தம் தெருமுனைக்குக் கேட்கும். ஆனாலும் நான் கண்டுகொள்ளாத மாதிரி நடக்க வேண்டியிருக்கிறது. பிஸ்கட் வாங்கினால் "கைதிக்குச் சாப்பாடு" என்கிறான்.

அதுவரை பொடிசுகள் விளையாட்டு என்று விட்டுவிட்டேன். பிறகு அவர்கள் என் குப்பைக் கூடையைக் கிளறி ஒரு குழந்தைகள் பல் பிரஷ்ஷை எடுத்து, கீழ்வீட்டுப் பல் டாக்டரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர்தான் எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவர். அவர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து என் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, பிரஷ்ஷை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் முகத்துக்கு நேராக ஆட்டினார்.

"உங்க வீட்டுலதான் சின்னப் பசங்களே இல்லையே சார். இது யாருது?"

"என்னுது டாக்டர். ஈறு வலிக்குதுன்னு வந்தப்ப, குழந்தைங்க பிரஷ்ல தேய்ங்கன்னு நீங்கதானே சொன்னீங்க!"

"நானா? நான் அப்படிச் சொல்ல மாட்டேனே."

இவரிடம் என் பல்லைக் கொடுத்து வைத்திருக்கிறேன் பார்! "அப்போ பையன் குரல் கேக்குதே, அது?" என்றார். உன் அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, தன் சொந்தக் குரலில், பூனை மாதிரி, "டி.வி. சத்தமா இருக்கும்" என்றாள். உடனே அவர்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து கமாண்டர் முன்னால் வந்தாள்.

"உங்க டி.வி. ரிப்பேருக்குப் போயிருக்கு ஆன்ட்டி. போனதை நாங்க பாத்தோம். இன்னும் வரலை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உன் அக்காவைப் பார்த்தேன். "அந்தப் பையன் இவதான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவள் லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. உனக்குக் கொடுத்த வாக்கு! பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன், ஈறு வலியோடு. அவர்கள் பீரோவைத் திறந்து பார்த்தார்கள், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள், தண்ணீர்த் தொட்டியைக்கூட விடவில்லை. போகும்போது டாக்டர், "கிடைக்கலைன்னா இல்லைன்னு அர்த்தம் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள்தான் அந்தக் காரியம் நடந்தது. மத்தியானம். நர்ஸம்மா ஆஸ்பத்திரியில். உன் அக்கா வழக்கம்போலக் கதற, நான் வழக்கம்போல மிரட்ட, திடீரென்று வாசல் மணி விடாமல் அடித்தது. திறந்தால் மூக்கொழுகியும் ரெட்டையரும் அழுதுகொண்டு நிற்கிறார்கள். கமாண்டர் ஹீரோவை மீட்க, போர்வைகளை முடிச்சுப் போட்டுப் பால்கனியிலிருந்து இறங்கியிருக்கிறாள். உன் படத்தில் அந்தப் பையன் இறங்குவானே, அதே மாதிரி. உன் பையனுக்குக் கீழே மெத்தை போட்டிருப்பீர்கள். இவளுக்குக் கீழே சிமெண்ட் தரை. பாதியில் முடிச்சு அவிழ்ந்து, எங்கள் பால்கனிக்கு மேலே இருக்கும் சன்ஷேடில் விழுந்து, குப்புறப் படுத்து அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கீழே பார்த்துவிட்டாள். யார் கூப்பிட்டாலும் அசைய மாட்டேன் என்கிறாள். என் குரலைக் கேட்டதும் வீல் என்று கத்தினாள். நானல்லவா வில்லன்!

அப்போது உன் அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு பால்கனிக்கு வந்தாள். சன்ஷேடுக்கு அடியில் நின்றதால் குழந்தையின் கண்ணுக்கு அவள் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தக் குரலை எடுத்தாள்.

"கமாண்டர்! நான்தான் பேசுறேன். கேக்குதா?"

மேலே அழுகை நின்றது. "நீயா? நீ தப்பிச்சிட்டியா?"

"உன்னாலதான் தப்பிச்சேன். இப்போ நீ கீழ பாக்காதே, என் குரலை மட்டும் கேளு. இடது காலை மெதுவா இறக்கு. அங்க ஒருத்தர் ஸ்டூல் மேல நின்னு கை நீட்டுவார். மீசை இருக்கும். பயப்படாதே."

"அவன் வில்லனாச்சே!"

"இல்லை. அவர் நம்ம ஆளு. இத்தனை நாளா வேஷம் போட்டு உள்ள இருந்தார்."

பிறகு ஒரு சின்னக் கால் கீழே வந்தது. பிடித்தேன். இன்னொரு கால் வந்தது. இடுப்பைப் பிடித்து இறக்கிவிட்டேன். என் மேல் சாய்ந்து மூச்சு வாங்கினாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தாள், ஹீரோ எங்கே என்று. அங்கே இருந்தது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு ஆன்ட்டி மட்டும்தான். "அழாதேம்மா, ஒண்ணும் ஆகலை" என்றாள் உன் அக்கா, அவசரத்தில் இன்னும் அந்தப் பையன் குரலிலேயே.

கமாண்டர் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். ஏமாந்துபோய் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஆன்ட்டி, நாங்க படம் முடிஞ்சும் எழுந்திரிக்காம எல்லா பேரையும் படிப்போம். டீ குடுத்தவங்க பேருகூட வரும். உங்க பேரு எங்க வருது?"

உன் அக்கா சிரித்தாள். "உளவாளி யாருன்னு வெளிய தெரியக் கூடாது இல்லையா கமாண்டர்?" என்றாள். பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். பிறகு தம்ளர் கழுவப் போனாள். நாலே தம்ளர். குழாயை மூடவே இல்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் இத்தனை வருஷம் அவளோடு குடித்தனம் நடத்துகிறேன், ஒரு தடவைகூட அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை. பல் இல்லாத ஒரு வாண்டு கேட்டுவிட்டது. அந்தக் கோபம் என் மேல் வர வேண்டியது. உன் மேல் வருவதுதான் வசதியாக இருக்கிறது, வாங்கிக்கொள்.

இதோடு முடிந்ததா? இல்லை. நான் குழந்தையின் காலைப் பிடித்து இழுத்ததைக் கீழே நின்று பார்த்தவர் யார்? பல் டாக்டர்! "அங்கிள்தான் என்னைக் காப்பாத்துனாரு" என்று கமாண்டர் சொல்லி, நர்ஸம்மா வந்து கையைப் பிடித்து அழுதபிறகு அதை விட்டார். ஆனால் பையன் குரல் மட்டும் இன்னும் பாக்கி என்கிறார். உண்மை தெரிந்த நாலு பேர் இருக்கிறார்களே என்று கமாண்டரிடம் போய்க் கெஞ்சினேன். "சாரி அங்கிள். ரகசியம் ரகசியம்தான். உயிரே போனாலும் சொல்ல மாட்டோம்" என்கிறாள். போவது என் மானம், இவளுக்கென்ன! மூக்கொழுகியைப் பிஸ்கட் காட்டிக் கேட்டேன். பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். இப்படியொரு படையை உருவாக்கியிருக்கிறாய், நீ நன்றாக இரு.

ஆகவே கேட்டுக்கொள். கடைசிக் காட்சி இன்னும் பேசவில்லை அல்லவா? பேச மாட்டாள். உன் அக்கா பெயர் திரையில் வரும்வரை உன் ஸ்டுடியோ வாசலை அவள் மிதிக்கவும் மாட்டாள், அவளை நான் விடவும் மாட்டேன், எதிர்வசனம் படிக்கவும் மாட்டேன். உன் ஹீரோவை அவன் சொந்தக் குரலிலேயே கத்தச் சொல். தியேட்டரே எழுந்து ஓடும்.

உன் மனைவிக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசிகள். உனக்கும் உண்டு, உன் அக்கா கொடுக்கச் சொன்னதால்.

இப்படிக்கு,
வில்லன் ஆக்கப்பட்ட உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் ஃபோன் வந்துவிட்டது. ஒத்திகையை உன் அக்கா பதிவு பண்ணி உனக்கு அனுப்பியிருக்கிறாள், அதில் என் குரலும் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. "வில்லனுக்கு நீங்களே பேசிடுங்க அத்தான், கேட்டு எங்க ஆபீஸே நடுங்கிடுச்சு, டைட்டில்ல உங்க பேரைத் தனியா பெருசா போடுறேன்" என்கிறாய். உன்னைக் கண்டபடி திட்டிவிட்டு வைத்தேன். பிறகு வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டையைக் கொப்பளித்துவிட்டு, சவரக் கண்ணாடி முன்னால் நின்று ஒரு சிரிப்புச் சிரித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் வருகிறது. கீழே டாக்டர் வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. இருவரும் வருகிறோம், வண்டி அனுப்பு. ஒரே ஒரு நிபந்தனை. என் பெயர் வர வேண்டிய இடத்தில் அவள் பெயரைப் போடு, அதே பெரிய எழுத்தில். அவள் கையெழுத்துப் போட்டது ஹீரோவின் குரலுக்குத்தானே? வில்லன் குரலைப் பற்றி அந்தக் காகிதத்தில் ஒரு வார்த்தை இல்லை, படித்துப் பார்த்துவிட்டேன். 'வில்லனுக்குக் குரல்' என்று போட்டு அவள் பெயர் வரட்டும். ஒரு பொம்பளைக்கு இப்படியொரு முரட்டுக் குரலா என்று ஊர் மூக்கில் விரலை வைக்கட்டும். படம் முடிந்தும் எழுந்திருக்காமல் முன்வரிசையில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்குத் தெரியும். அவளிடம் இதை இப்போது சொல்லாதே. ரகசியம் ரகசியம்தான்.