சர்வோனோவின் பூத்தண்ணீர்

வியாழக்கிழமை வந்தால் எங்கள் ஊர்ப் பேருந்தில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. எல்லாரும் குரு சர்வோனோவைப் பார்க்கப் போகிறவர்கள். கண்ணெதிரே சர்க்கரையை இறக்கிக் காட்டும் மகான்! அதுவும் வெறும் வாய்ப்பேச்சில்லை, மீட்டர் வைத்து. விஞ்ஞானமே அவர் காலில் விழுந்துவிட்டதாக ஊர் பூரித்தது.

வாசலில் ஆளுக்கொரு துண்டு தொதோல், பிசுபிசுவென்று தென்னைவெல்லத்தில் கிண்டிய அல்வா. கொடுத்ததை மறுத்தால் எங்கள் ஜாவாவில் மரியாதை கெட்டவன். இடக்கையால் வாங்கினால் அதைவிடக் கெட்டவன். ஆகவே எல்லாரும் வலக்கையால் வாங்கித் தின்று, அதே வலக்கையை நீட்டுவார்கள். குரு ஊசி குத்துவார். மீட்டரில் நானூறு! பூத்தண்ணீரில் கையை முக்கி மறுபடி குத்துவார். நூற்றைம்பது! கூட்டம் அழுதுவிடும்.

சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, வாரம் இருமுறை டயாலிசிஸில் உயிரோடிருக்கும் கசிமானும் அழுதார். "இனி இன்சுலின் எதுக்கு?" என்றார் குரு. இன்சுலினை நிறுத்திய ஆறாம் நாள் கசிமானுக்கு நினைவு தப்பியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், கசிமான் மனைவி துகினாவிடம் சொன்னார்: "எண்ணூறைத் தாண்டிடுச்சும்மா. மத்தவங்கன்னா பாட்டில் பாட்டிலா டிரிப்ஸ் ஏத்துவோம். இவருக்கு ஏத்தினா வெளியேறாது, நுரையீரல்ல கோத்துக்கும். பாத்துப் பாத்துத்தான் இறக்கணும்."

"குரு அஞ்சே நிமிஷத்துல இறக்கினாரே!" கணவரை வீட்டுக்கு அழைத்துப்போகும் படிவத்தைத் துகினா வாங்கிவிட்டாள். கையெழுத்துதான் பாக்கி. போட்டால் கசிமான் ஆஸ்பத்திரி வாசலைக்கூடத் தாண்டமாட்டார்.

டயாலிசிஸ் நர்ஸ் வுர்யானி குறுக்கே வந்தாள். "போடுங்கக்கா. ஆனா அதுக்கு முன்னால என்னையும் அங்க கூட்டிட்டுப் போங்க. இன்னிக்கு வியாழன்தானே?"

போனார்கள். வுர்யானி தொதோல் தின்றாள், கையை நீட்டினாள். முந்நூற்றுத் தொண்ணூற்றாறு. "ஐயோ பாவம், இந்த வயசுலயா!" என்றது கூட்டம்.

"எனக்குச் சர்க்கரையே கிடையாதே!" என்றவள், பூத்தண்ணீரைச் சீந்தாமல் வாசல் குழாயில் கை கழுவித் துடைத்து வந்து, தானே குத்திக்கொண்டாள். தொண்ணூற்று நாலு. "சர்க்கரை ரத்தத்துல இல்லக்கா, விரல்ல!"

துகினா அடுத்த நொடி குருவின் கையைப் பிடித்து இழுத்து, தொதோலை அப்பி, ஊசியை இறக்கிவிட்டாள். நானூற்று முப்பது.

"இப்ப உமக்கும் வந்துடுச்சாய்யா?"

"என் சக்தி குழாய்த் தண்ணிக்குள்ளயும் போயிருக்கு!" என்று கத்தினார் குரு.

"அப்ப நாங்க குழாயையே கும்பிட்டுக்கறோம், நீர் நடையைக் கட்டும்!" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

படிவத்தைத் துகினா அங்கேயே கிழித்தாள். கசிமான் நாலாம் நாள் கண் திறந்தார். இரண்டு வாரம் கழித்துத் தன் காலில் நடந்து வீட்டுக்கு வந்தார். ஆண்டவன் காப்பாற்றினான் என்கிறார்கள். சரி, வுர்யானிக்கும் ஒரு நன்றி சொன்னால் வாய் கோணிவிடாது.

மகான் இப்போது மலைக்கு அந்தப்பக்கம் கண்புரைக்கு எண்ணெய் விடுகிறாராம். கூட்டம் நெரிகிறதாம். போகிறவர்கள் கண்ணை அவரிடம் கொடுங்கள், வேண்டாமென்று சொல்ல நான் யார்? அதற்கு முன் புத்தியை மட்டும் ஒரு நிமிடம் நீங்களே வைத்திருந்து பாருங்கள்.