கேட்டுக்கு உள்ளே இருபத்துமூன்று நாள்

ஹுவாரெஸ், ஜனவரி 30

மரியாதைக்குரிய மச்சான் ரமீரோ அவர்களுக்கு, நிகனோர் எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். நலமென்றால், உங்கள் தங்கை ஒபிலியா கேட்டுக்கு வெளியே நலம், நான் கேட்டுக்கு உள்ளே நலம்.

"கொடிக்குக் கீழ குனிஞ்சு வெளிய வந்துடுய்யா" என்று எழுதியிருந்தீர்கள். அது உங்கள் ஊர் டொரியோனில் நடக்கலாம். கார்களுக்கு ஒயர் கட்டிக் கொடுக்கும் எங்கள் கம்பெனியை மூடிவிட்டு முதலாளி ஓடிப்போனது ஜனவரி ஏழாம் தேதி. அன்று காலையே, விடுமுறை முடிந்து வேலைக்கு வந்த நூற்றுப்பத்துப் பெண்களும் சேர்ந்து கேட்டில் வேலைநிறுத்தத்தின் சிவப்புக் கறுப்புக் கொடி கட்டினார்கள். கட்டிய பிறகு ஆளோ பொருளோ வாசலைத் தாண்டக் கூடாது. உள்ளே இருக்கும் மெஷின்களை ஏலம் போட்டால்தான் அவர்களுக்கு நஷ்டஈடு. வாட்ச்மேனான நான் அந்த நேரம் பார்த்துக் கழிவறையில் இருந்தேன். முப்பது வருஷம் சங்கத்தில் இருந்தவன், கொடியைத் தாண்டி வருவேனா? பெண்களின் தலைவி ஹசிந்தா, "அண்ணே, காவக்காரருக்கு அந்தச் சட்டம் இல்ல, வாங்க" என்று கெஞ்சினாள். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டேன். கை தட்டினார்கள்.

அன்றிலிருந்து சாப்பாடு வேலிக்கு மேலே வருகிறது. முதல் நாள் வீசிய பரீத்தோ ரொட்டிச் சுருள் முள்கம்பியில் மாட்டிக்கொண்டு மூன்று நாள் தொங்கியது, காக்கை கூடத் தொடவில்லை, ஒபிலியா சமைத்தது. ஞாயிறு பூசைக்குப் பாதிரியார் கம்பி வழியாக அப்பம் நீட்டுகிறார். ஒபிலியா தினமும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "கல்யாணம் ஆன நாள்ல இருந்து இப்பத்தான்யா நான் பேசுறத எந்திரிச்சுப் போகாம கேக்கற" என்கிறாள். ஹசிந்தா காலையும் மாலையும் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "அண்ணே, உள்ள மெஷினெல்லாம் பத்திரம்தான?" கொடி கட்டியதிலிருந்து ஒரு திருகாணி கூட வெளியே போகவில்லை என்று சொல்கிறேன். அது சத்தியம். உடனே அவர்களுக்கு முகம் மலர்ந்துவிடுகிறது, பாட்டு வேறு பாடுகிறார்கள்.

என் மாமியார் முதல்முறையாக என்னை "மருமகன்" என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவருக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு முத்தம். கன்னிமரியாள் உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
நிகனோர்

பின்குறிப்பு: இதுவரை எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டலாம், இதற்குக் கீழே இருப்பதைக் கிழித்துவிடுங்கள். கடிதத்தை ஒட்டிப் பாதிரியாரிடம் கொடுக்கிறேன், அவர் ரகசியம் காத்துப் பழகியவர். மெஷின் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது என்பதால் வெளியே யாருக்கும் தெரியாது. உள்ளே ஒரு மெஷின் கூட இல்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் மானேஜர், சர்வீசுக்குப் போகிறது என்று சொல்லி நாலு லாரியில் ஏற்றினார். கேட்டைத் திறந்துவிட்டது நான். லாரி பின்னால் வர விசில் ஊதி வழிகாட்டியதும் நான். போகும்போது சல்யூட் வேறு அடித்தேன். திங்கட்கிழமை நீதிமன்றத்து ஆள் கூடத்தைத் திறந்து பார்க்க வருகிறார். அதற்கு முன்னால் நானே அந்தப் பெண்களிடம் சொல்லியாக வேண்டும். தினமும் காலையில் கேட் வரை போகிறேன், மச்சான். ஹசிந்தா காபி நீட்டுகிறாள், வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுகிறேன்.