ஈரலுக்கு ராஜ உபசாரம்

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனிதகுலம் வெகுகாலம் சும்மாதான் இருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் காந்தச் சூட்டு இயந்திரம் வந்து இறங்கிய அன்றுதான் மறுபடி வேலையைத் தொடங்கியது. ஈரலில் உள்ள கட்டிக்குள் இரும்புத் துகள் கலந்த மருந்தை ஊசியால் ஏற்றி, ஆளைக் காந்த வளையத்துக்குள் படுக்கவைத்தால் போதும். கட்டி மட்டும் வெந்து சாகும். சுற்றியுள்ள ஈரலுக்கு வியர்க்கக்கூட வியர்க்காது.

கறிக்கடைக்காரிக்கு இதெல்லாம் மனப்பாடம். அவள் புருஷனுடைய ஈரலில் கட்டி. ஆஸ்பத்திரி வராண்டா பெஞ்சில் அவர் ‘முன்னுரிமை நோயாளி’யாக உட்கார்ந்திருந்தார். கடையை அவள் பார்த்துக்கொண்டாள். இயந்திரத்தைப் பார்வையிட எந்தப் பெரிய மனிதர் வந்தாலும், ‘செயல்விளக்க’த்துக்கு ஆட்டு ஈரல் கொண்டுவந்து கொடுப்பதும் அவள்தான்.

அந்த ஈரலுக்கு நடக்கும் உபசாரத்தைக் கண்கொண்டு பார்க்க வேண்டும்! வாசலுக்கே தள்ளுவண்டி வரும். பச்சைத் துணி போர்த்தி ஏசி அறைக்குக் கொண்டுபோவார்கள். ஆட்டு ஈரலில் கட்டி இல்லையே என்று யாரும் மலைக்கவில்லை. ஒரு ஜெல்லி உருண்டையைச் செருகி அந்தக் குறையைப் பெரிய டாக்டரே தீர்த்துவைப்பார். உருண்டை உருகியதும் கைதட்டல் கூரையைப் பிளக்கும். எந்த ஈரலும் இதுவரை வலிக்கிறது என்று முனகியதில்லை. நூற்றுக்கு நூறு வெற்றி!

“எங்களை எப்ப சார் கூப்பிடுவீங்க?” என்று அவள் கேட்கும்போதெல்லாம் ஆஸ்பத்திரி இயக்குநர் குழைந்துபோவார்.

“உங்க வீட்டுக்காரர் பேர்தாம்மா முதல்ல இருக்கு. இந்த விசிட் மட்டும் முடியட்டும்.”

விசிட் முடியும், அடுத்த விசிட் வரும். ஒருநாள் பெரிய டாக்டர் அவள் புருஷனின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். “இன்னும் கொஞ்சம் வளர்ந்தா இந்த மெஷினுக்கு அடங்காது” என்று சொல்லிவிட்டு, ஈரல் வந்துவிட்டதா என்று பார்க்க ஓடினார்.

“ஆடாப் பொறந்திருந்தா எனக்கும் ஏசி ரூம் கிடைச்சிருக்கும்” என்றார் புருஷன்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்து வந்தது வெளிநாட்டுக் குழு. கோட்டு போட்டவர்கள் இயந்திரத்தைச் சுற்றி பக்தியோடு நின்றார்கள். கறிக்கடைக்காரி வெறுங்கையோடு வந்து சேர்ந்தாள். இயக்குநர் அவள் முதுகுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, ஈரல் எங்கே?”

“வராண்டாவில உக்காந்திருக்கு, சார். ஜெல்லிகூடச் செருக வேணாம். கட்டி உள்ளேயே இருக்கு.”

“விளையாடாதேம்மா. வந்தவங்க முன்னாடி மானம் போயிடும்.”

“நான் ஏன் சார் விளையாடறேன்? மருந்து இருக்கு, மெஷின் இருக்கு, டாக்டரும் இருக்காரு. எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வரவா?”

இயக்குநர் அவளை ஓரமாக அழைத்துப்போய், பச்சைப்பிள்ளைக்கு விளக்குவதுபோல் பொறுமையாகச் சொன்னார்.

“புரிஞ்சுக்கோம்மா. அவர் உயிரோட இருக்காரு. உள்ளே போய் ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா, நம்ம நூத்துக்கு நூறு என்னாகும்?”

“அப்போ, உயிர் போனப்புறம் கொண்டுவரவா, சார்?”

நிர்வாகம் அதற்கு ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை.