மக்கத்து வால்கட்டை

பள்ளிக்கூடத்தில் எனக்கு வாசிக்கத் தெரியாது. அப்போது யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன். (பதினொரு நாள் பிடித்தது. பிழை பார்த்தது மகள்.)

தெரியாததை மறைக்க ஒரு வழி வைத்திருந்தேன். தமிழ்ப் பாடத்தில் காதர் சேர் "வாசி" என்றதும் எழும்பி, பாடத்தின் பெயரை மீன்காரனின் குரலில் கூவுவேன்.

"மழையோ மழை! துடிக்கத் துடிக்க மழை!"

வகுப்பு உருண்டு சிரிக்கும். சேர் பிரம்பை எடுப்பார். நான் கையை நீட்டுவேன். நாலு அடி. பிறகு அடுத்தவன் வாசிப்பான். வாசிப்பதைவிட அடி லேசு.

சேர் சிரித்து யாரும் கண்டதில்லை. அவர் வந்தால் முற்றத்துக் காகமும் வாயை மூடும். அப்படிப்பட்டவரின் சைக்கிளில் ஒருநாள் வால்கட்டையைப் பிடுங்கி எறிந்தேன். (டயரில் காற்றைப் பிடித்து வைக்கிற சின்னச் சாமான்.) சேர் வெயிலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். மறுநாள் அதற்கு அடி வாங்கியவன் என் வகுப்பு ஜலீல். நான் வாயைத் திறக்கவில்லை. எட்டாம் வகுப்போடு நின்று மேசன் வேலைக்குப் போனேன்.

போன வருடம் சேர் ஹஜ்ஜுக்கு வெளிக்கிட்டார். எங்கள் பக்கம் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் முதலில் வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்பார்கள். மனிதர் மன்னிக்காத பாரத்தோடு அங்கே போக யாருக்கும் மனம் வராது.

நான் கிணற்றடியில் தலைக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டு நின்றேன்.

"டேய் றிஸ்வி!"

அதே குரல். கண்ணைத் திறக்காமலே வலது கையை நீட்டிவிட்டேன். (மனைவியும் மூன்று பிள்ளைகளும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.)

அடி விழவில்லை. ஒரு கிழட்டுக் கை என் கையைப் பிடித்தது.

"அடிக்க வரல்ல மனே. மாப்புக் கேக்க வந்தன். நாளைக்குப் பயணம்."

"என்னத்துக்கு சேர்?"

"ஒனக்கு வாசிக்கத் தெரியாதெண்டு எனக்குத் தெரியும். படிப்பிக்கிறது கஷ்டம், அடிக்கிறது லேசு. நான் லேசானதச் செஞ்சன்."

அவர் முன்னால் நிற்க எனக்குத் தகுதி இல்லை என்று பட்டது. நானும் ஏதாவது கொடுக்க வேண்டும் போல் இருந்தது. கொடுத்தேன்.

"சேர், அந்த வால்கட்டையப் புடுங்கின நான்தான்."

சேரின் கை என் கையை விட்டது.

"நீயா? ஜலீலுக்கில்ல அடிச்சன்!"

"ஓம் சேர்."

"நேத்து அவனுக்கிட்டப் போனன்டா. மத்த அடியெல்லாம் பொறுத்துட்டன், வால்கட்டைக்கு அடிச்சதப் பொறுக்க மாட்டன் எண்டுட்டான். ஏறு!"

ஏறினேன். இடுப்பில் ஈரச் சாரன், தலையில் நுரை, சேரின் மோட்டார் சைக்கிள். கல்முனையிலிருந்து மருதமுனைவரை நுரை பறந்தது.

ஜலீலின் சாரன் கடையில் கல்யாணத்துக்குத் துணி எடுக்க நாலு பெண்கள்.

"அல்லாஹ்! இவருக்கு என்ன?" என்றாள் ஒருத்தி.

சேர் என்னை முன்னால் தள்ளினார். நான் சொன்னேன். ஜலீல் துணி அளக்கும் கோலை எடுத்துச் சேரிடம் நீட்டினான்.

"அண்டைக்கு எத்தின தரம் சென்னன், நானில்லையெண்டு! இவனுக்குக் குடுங்க சேர். பொறுக்கன்."

நான் கையை நீட்டினேன். சேர் கோலைத் தொடவில்லை.

"இனி ஆருக்கும் அடிக்க மாட்டன் மனே. வேற ஏதாவது கேளு."

ஜலீல் யோசித்தான். சுவரில் இருந்த பலகையைக் காட்டினான். "அப்ப அத வாசிக்கட்டும். பகிடி விடாம."

மீன்காரனின் குரல் தொண்டைவரை வந்தது. விழுங்கினேன்.

"விற்... விற்ற... சா... சாரன்..."

நின்றுவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. சேர் பக்கத்தில் வந்து எழுத்துக்குக் கீழே விரலை வைத்தார்.

"மெல்ல. நான் நிக்கன்."

நின்றார். நாளைக்கு மக்கத்துக்குப் பயணம். இன்னும் எத்தனையோ வீடு பாக்கி. ஒரு எழுத்துக்கும் அவசரப்படுத்தவில்லை. நுரை காய்ந்து உச்சி கடித்தது, சொறியவில்லை. "விற்ற சாரன் திரும்ப எடுக்கப்பட மாட்டாது." முடித்தபோது எனக்கு வியர்த்திருந்தது. சேருக்குக் கண் நனைந்திருந்தது.

"பொறுத்துட்டன் சேர்," என்றான் ஜலீல். என்னைப் பார்த்தான். "ஒனக்கு இன்னும் யோசிக்கணும்."

சேர் திரும்பி வந்து எல்லா வீட்டுக்கும் பேரீச்சம்பழமும் ஸம்ஸம் கிணற்றுத் தண்ணீரும் அனுப்பினார். எங்கள் பொதியில் கூடுதலாக ஒரு சைக்கிள் வால்கட்டை இருந்தது, புதுசு. அந்த மனிதருக்குப் பகிடி தெரியும் என்று அன்றுதான் அறிந்தேன்.

அதைக் கண்ணாடி அலுமாரியில் வைத்திருக்கிறோம். வருகிறவர்களுக்கெல்லாம் மனைவி காட்டுவாள்.

"மக்கத்து வால்கட்டை," என்பாள். "தொட வேணாம். இவர் அடி வாங்கக் கைய நீட்டுவார்."