ஏணிக்காரர் அறைந்த கைப்பிடி

எனக்கு வயது எழுபத்தொன்று. பெற்றது நான்கு, நாத்தனார் பிள்ளையோடு வளர்த்தது ஐந்து. ஒன்றும் என் கையிலிருந்து தவறி விழுந்ததில்லை. அப்படிப்பட்ட என்னையே, கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருக்கும் தூரம் நடுங்க வைத்தது.

சேர்வராயன் மலை முழுக்கத் தேடினாலும் ஏணிக்காரரைப் போல ஒரு கிறுக்கர் கிடைக்கமாட்டார். எஸ்டேட் மரங்களில் ஏறி மிளகு பறிக்கிறவர். ஏணியில் பழகிய கால் என்பதால் எங்கே போனாலும் உடம்பைத் திருப்பாமல் பின்பக்கமாகத்தான் நடந்து வருவார். பஸ்ஸிலிருந்து இறங்குவதும் அப்படியே.

"ஏனுங்க, ஏறறீங்களா, எறங்கறீங்களா?" என்று கண்டக்டர் கத்துவார்.

"காலு எறங்குதுங்க. மூஞ்சிதான் பஸ்ஸ உட்டுட்டு வரமாட்டீங்குது."

என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. சேலம் ஆஸ்பத்திரியில் வைத்து ஓரளவு நடக்க வைத்தார்கள். அனுப்புவதற்கு முன்னால் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னொருக்கா உழுந்தா எந்திரிக்கறது கஷ்டமுங்கம்மா. முன்னாடி போயி ஊட்டச் சரி பண்ணி வையுங்க."

மலை ஏறிய பஸ்ஸில், ஒவ்வொரு வளைவிலும் என் கண்ணுக்குள் அவர் விழுந்துகொண்டே வந்தார். எங்கள் ஊர் செம்மநத்தத்தில் இறங்கி வீட்டுக்குள் நுழைந்தால் நிலைப்படி, மிதியடி, பனியில் நனைந்த புறக்கடை எல்லாமே அவரைத் தள்ளிவிடக் காத்திருப்பதுபோல் இருந்தது.

செய்தி கேட்டு ஏணிக்காரர் வந்தார். தன் வலது கையை என் பழைய சேலையால் உடம்போடு சேர்த்துக் கட்டச் சொன்னார். வலது காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டார்.

"அக்கா, இப்ப நாந்தான் உங்கூட்டுக்காரரு. நான் உழுவற எடமெல்லாம் பாத்துச் சரி பண்ணுங்க."

கட்டிலில் படுத்தவர் முதலில் காபி கேட்டார். அப்புறம் சூடு பத்தவில்லை என்றார்.

"எங்கூட்டுக்காரரு இத்தன பேசமாட்டாருங்க" என்றேன்.

எழுந்து நடந்தார். மிதியடியில் விழுந்தார், மிதியடி வெளியே போனது. அடுக்களை நிலைப்படியில் விழுந்து, "அய்யோ, போயிட்டனே!" என்று அலறினார். பக்கத்து வீட்டுப் பெண்கள் தலையை விரித்துக்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள். அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில், போகும்போது இடது கைக்கு வாகாக, கட்டிலிலிருந்து கழிப்பறை வரை சுவரோரம் கைப்பிடியாகக் கம்பு அறைந்தார். அதைப் பிடித்துப் போனார், பிடித்து வந்தார். விழவேயில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்காரர் வந்தார். கம்பைப் பிடித்துக்கொண்டு ராஜா மாதிரி போனார். கழிப்பறையிலிருந்து திரும்பினார். நல்ல கை இருக்கும் பக்கம் வெறும் காற்று! கம்பு, செத்த கையின் பக்கம் நின்றது. ஒத்திகையில் ஏணிக்காரர் வழக்கம்போல் பின்பக்கமாகவே நடந்து வந்திருக்கிறார், அதனால் வரும்போதும் கம்பு இடது கையிலேயே இருந்திருக்கிறது. பார்த்துப் பார்த்துப் பழகிய எனக்கும் அது உறைக்கவில்லை.

வீட்டுக்காரரின் கால் பின்னியது. ஏணிக்காரர் பாய்ந்துபோய் இடப்பக்கம் தோளைக் கொடுத்தார்.

"புடிங்கண்ணா. நானும் ஒரு மரந்தானுங்க."

அந்தப் பக்கமும் ஒரு கம்பு அறைந்து தரச் சொன்னேன். "மரம் காயோணுமுங்கக்கா" என்றார். மழைக்காலம் போய் வெயிலும் வந்துவிட்டது, அவருடைய மரம் மட்டும் காயவில்லை. விடிந்ததும் வந்து தோளைத் தாழ்த்திக்கொண்டு நிற்கிறார். வீட்டுக்காரர் தானாக நடக்கிறார் இப்போது. இருந்தும், 'இனி வர வேண்டாம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கண்ணு, நாஞ் சொல்லி நீ எழுதுனத ஒருக்காப் படிச்சுக் காட்டு. கிறுக்கருன்னு வர்ற எடத்துல மட்டும் சத்தமில்லாமப் படி சாமி. ஏணிக்காரரு வாசல்ல நிக்கறாரு.