என் கல்லூரிக்கு நான் கொடுத்த இருபது புத்தகங்கள்

படித்த கல்லூரிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. அதை நாலு பேர் பார்க்கச் செய்ய வேண்டும் என்ற ஆசை கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. (கொஞ்சம்தானா என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அவரை விடுங்கள்.)

காஞ்சிபுரத்தில் நான் பட்டம் வாங்கிய கல்லூரியில் போன வருடம் முன்னாள் மாணவர் சந்திப்பு நடந்தது. அழைத்தவர் ஞானசேகரன். பொருளியலில் என்னோடு படித்தவர், இப்போது அதே துறைக்குத் தலைவர். "கலா, நீ வந்து ரெண்டு வார்த்தை பேசணும்மா" என்று அவர் போனில் சொல்லி முடிப்பதற்குள், "பேசறது என்னப்பா, உங்க டிபார்ட்மென்ட் லைப்ரரிக்கு என் புத்தகம் எல்லாத்தையும் குடுத்துடறேன்" என்று அறிவித்துவிட்டேன்.

அதே துறையில்தான் என் மகள் நிவேதா முதலாமாண்டு படித்துக்கொண்டிருந்தாள். விஷயம் கேட்டதும் அவள் முகம் வெளிறிப்போனது.

"அம்மா, புக்கைக் குடு, வேணாங்கல. மைக்கை மட்டும் தொடாத, ப்ளீஸ்."

"பெத்தவளப் பாத்து பேசற பேச்சாடி இது?"

முந்தின நாள் பரணிலிருந்து புத்தகங்களை இறக்கினேன். மொத்தம் இருபது. எல்லாவற்றுக்கும் படிக்கிற காலத்தில் நானே பழுப்புத் தாளில் அட்டை போட்டிருந்தேன். ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்காமல், தூசியை மட்டும் தட்டிப் பெட்டியில் அடுக்கினேன். மறுநாள் கல்யாணப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு செவிலிமேட்டிலிருந்து ஆட்டோவில் போய் இறங்கினேன். (இந்த ஊரில் பட்டுப் புடவையோடு மேடை ஏறினால் பேச்சை யாரும் கேட்பதில்லை. ஜரிகை அசலா என்றுதான் பார்ப்பார்கள். அன்றைக்கு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!)

ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். இருபது நிமிடம் பேசினேன். வீட்டில் புத்தகம் வாங்க வசதி இல்லாததைச் சொன்னேன். "ஆனா, கையில கெடச்ச புத்தகத்த நான் விட்டதே இல்ல!" என்று முழங்கினேன். பலத்த கைதட்டல். இரண்டாவது வரிசையில் நிவேதா மட்டும் குனிந்துகொண்டிருந்தாள்.

அடுத்து போட்டோ. பெட்டியிலேயே தடியான புத்தகத்தை எடுத்து ஞானசேகரன் கையில் கொடுத்தேன். போட்டோக்காரர் கையை ஆட்டினார். "சார், வெறும் காக்கித் தாள்தான் தெரியுது. அட்டையப் பிரிச்சுடுங்க."

ஞானசேகரன் பிரித்தார். புத்தகத்தின் முதுகில் வெள்ளை மையில் எழுதிய ஓர் எண் இருந்தது. முதல் பக்கத்தைத் திருப்பினார். அங்கே கல்லூரி நூலக முத்திரை. அதற்குக் கீழே, சிவப்பில்: 'வெளியே எடுத்துச் செல்லக் கூடாது.'

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. இறுதித் தேர்வுக்கு மூன்று மாதம் முன்னால், ஒரே ஒரு நாளைக்கு என்று துப்பட்டாவுக்குள் மறைத்துக் கொண்டுவந்த புள்ளியியல் புத்தகம். மறுநாளே அதைக் காணோமென்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் எந்த முகத்தோடு திருப்பிக் கொடுப்பது? அட்டை போட்டு ஒளித்தவள், ஒளித்ததையே மறந்துபோனேன்.

ஞானசேகரன் மைக் கையில் இருப்பதை மறந்து பேசினார். "கலா, இதயா நீ வச்சிருந்த? இருந்தது ஒரே காப்பி! நான் மூணு மாசம் பைத்தியக்காரன் மாதிரி தேடிக்கினு இருந்தேனே! அந்த ஒரு பேப்பர்லதான நான் செகண்ட் ஆனேன்!"

"ஃபர்ஸ்ட் யாரு சார்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

ஞானசேகரன் என்னைப் பார்த்தார். அரங்கமே என்னைப் பார்த்தது. ஓடலாமென்றால் பட்டுப் புடவையில் ஓடவும் முடியாது. மைக்கை வாங்கினேன். "மன்னிச்சுடுப்பா. ஒரு நாளைக்குன்னுதான் எடுத்துக்கினு போனேன். கொஞ்சம் லேட்டாயிடுச்சு" என்றேன்.

முதலில் சிரித்தவர் ஞானசேகரன்தான். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, எனக்காக வைத்திருந்த பொன்னாடையை எடுத்துப் போர்த்தினார். "பரவால்லமா. புக்கு கெடச்சிடுச்சு. இனிமே நான் ஃபர்ஸ்ட் வந்துடுவேன்." கூரை பறக்கிற மாதிரி விசில். நிவேதா பெஞ்சுக்கு அடியில் போயே விட்டாள்.

ஆனால் முன்னாள் மாணவர் வரிசையில் ஐந்தாறு பேர் சிரிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். சாப்பாட்டுப் பந்தியில் அவர்களில் ஒருவர், பார்த்தால் பெரிய அதிகாரி போல இருந்தவர், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், எங்கிட்டயும் ரெண்டு இருக்குது. அட்டை போட்டே குடுத்துடலாமா?"

இதை ஞானசேகரனிடம் சொன்னேன். மறுவாரமே நூலக வாசலில் ஒரு மரப்பெட்டி வைத்துவிட்டார். யார் வேண்டுமானாலும் வந்து போடலாம், பெயர் கேட்க மாட்டார்கள். காணாமல்போன புத்தகங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுகின்றன. பெட்டியில் எந்தப் பெயரும் எழுதவில்லை. ஆனால் மாணவர்கள் அதற்கு 'கலா ஆன்ட்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "கலா ஆன்ட்டி ரொம்பிடுச்சு, சாவி எடுத்துக்கினு வா" என்று யாராவது கத்தும்போதெல்லாம் நிவேதா வேறு பக்கமாக நடந்துவிடுகிறாளாம்.

வீட்டில் இன்னும் மோசம். பக்கத்து வீட்டு அக்கா இரவல் வாங்கிய இட்லிப் பானையைத் திருப்பிக் கொடுக்க வந்தால் போதும். என் வீட்டுக்காரர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அவருக்கு மரியாதையாகப் போர்த்துகிறார்.

"இவ்ளோ பெரிய நன்கொட குடுத்துட்டு சும்மா போறீங்களே, ரெண்டு வார்த்த பேசிட்டுப் போங்கமா!"